வயலூர் ரோடு பஞ்சர் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கடைக்கு வந்தால் "வாங்க சார், எந்த வீலு?" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கொஞ்ச நாளாக நம் ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைக் குறை சொல்லி ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பலர் அதை எனக்கே அனுப்பி "என்னண்ணே இது?" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த மடல். கட்டணமும் மாறுகிறது, கடையில் ஆளும் குறைந்திருக்கிறது. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கட்டணம். டியூப்லெஸ் டயருக்கு ஸ்டிரிப், அதாவது ஓட்டையில் சொருகுகிற ரப்பர் திரி, வைத்துப் பஞ்சர் போட இதுவரை 100 ரூபாய் வாங்கினோம். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து 150. டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) வைப்பதற்கு 350 வாங்கியது இனி 400. கடை வாடகை ஏறியிருக்கிறது, கம்ப்ரசர் ஓடுகிற கரண்ட் பில் ஏறியிருக்கிறது, ஸ்டிரிப் பாக்கெட்டும் சொல்யூஷனும் விலை ஏறியிருக்கின்றன. "டயருக்கு ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சே, நீங்க மட்டும் ஏன் ஏத்துறீங்க?" என்று ஒரு சார் கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது உண்மைதான். அது புது டயர் வாங்குகிறவருக்கு. நான் புது டயர் விற்பதில்லை. என் வாடகைக்கோ கூலிக்கோ அதனால் ஒரு பைசா குறையவில்லை. காற்றுப் பார்ப்பதற்கு வழக்கம்போலக் காசு கிடையாது.

சரி, வீடியோ விஷயத்துக்கு வருகிறேன்.

"ஒரு ஆணிக்கு நாலு பஞ்சர் போட்ட கடை" என்று எழுதி, ஒரு டயரில் நாலு ஸ்டிரிப் துருத்திக்கொண்டு நிற்பதைக் காட்டுகிறார்கள். கடையின் பெயர்ப் பலகையும் அதில் தெரிகிறது. அந்த வண்டி நம் கடைக்கு வந்தது, நாலு பஞ்சர் போட்டோம், 400 ரூபாய் வாங்கினோம். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் நானே ஊசியால் குத்தி ஓட்டை போட்டேன் என்று கீழே எழுதியிருக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட ஆட்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் தெரியாத இடத்தில் ஸ்பாஞ்சுக்குள்ளேயோ விரல் இடுக்கிலோ கூர்மையான ஊசியை மறைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவுகிற சாக்கில் குத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வண்டி திரும்ப வரப்போவதில்லை. எனக்கு அப்படியா? உங்கள் அப்பா ஓட்டிய வண்டிக்கும் நான்தான் பஞ்சர் போட்டேன், இப்போது உங்கள் வண்டிக்கும் நான்தான் போடுகிறேன். புத்தூர் நால்ரோட்டில் பால் வாங்கப் போனாலும் உங்களில் ஒருவர் முகத்தில்தான் விழிக்கிறேன். கூடுதலாக வருகிற முன்னூறு ரூபாய்க்கு இதை யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

அந்த டயரில் இருந்தது என்ன என்று சொல்கிறேன். முதலாவது, வண்டிக்காரர் கண்ணிலேயே பட்ட சென்டரிங் ஆணி. இரண்டாவதும் மூன்றாவதும் தகரக் கூரைக்குப் போடுகிற ஸ்க்ரூ. அவற்றின் தலை ரோட்டில் தேய்ந்து, திருப்புளி பிடிக்கிற வடிவமே தெரியாமல் வழுவழுவென்று வெள்ளி மாதிரி மின்னியது. அன்றைக்குக் காலையில் ஏறிய ஸ்க்ரூவுக்கு அப்படித் தலை தேயாது. எத்தனையோ நாளாக அந்த டயரோடு ஓடியிருக்கிறது. நாலாவது, வேறு எங்கோ முன்பு போட்ட ஸ்டிரிப். அது சுருங்கி, ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி விட்டது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்தோம். அந்த வண்டி நிற்கிற தெருவில் புது வீட்டு வேலை நடப்பது அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். சென்டரிங் பிரிக்கிற நாளில் ஆணி எங்கெல்லாம் கிடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மூணு ஓட்டை ஏற்கெனவே இருந்தா, நேத்து வரைக்கும் காத்து ஏன் இறங்கல?" என்பது குழுவில் ஒருவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. பழைய டியூப் டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிந்து காற்று உடனே போய்விடும். டியூப்லெஸ் அப்படி இல்லை. உள்ளே போன ஸ்க்ரூவை ரப்பர் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவே அந்த ஓட்டைக்கு மூடி. காற்று வாரத்துக்கு ரெண்டு மூணு பாயின்ட்தான் குறையும், சிலதில் அதுவும் குறையாது. பிடுங்கின பிறகுதான் புஸ் என்று வரும். அதைப் பார்க்கிறவருக்கு, நாங்கள் கை வைத்ததும் ஓட்டை வந்த மாதிரிதான் தோன்றும். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் உங்கள் இடத்தில் நின்றிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பிடுங்காமல் விட்டுவிடலாமே என்றால், ஸ்க்ரூ ஓட ஓட ஆடும், உள்ளே இருக்கிற கம்பி பெல்ட்டை அறுக்கும், தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். அப்புறம் ஒருநாள் பைபாஸில் போகும்போது அதுவே கழன்று விழும். அங்கே மாட்டிக்கொள்வதைவிட நம் கடை வாசலில் பிடுங்குவது நல்லது. மேலாக மட்டும் ஏறியிருக்கிற சின்ன ஸ்க்ரூவும் உண்டு, அது உள்ளே எட்டியிருக்காது. அதற்குச் சோப்புத் தண்ணீர் விட்டு, லேசாக ஆட்டிப் பார்ப்போம். குமிழி வரவில்லை என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு "ஒண்ணுமில்ல சார், போங்க" என்று அனுப்பியிருக்கிறோம். காசும் வாங்கியதில்லை. அதை யாரும் வீடியோ எடுத்ததில்லை.

இனிமேல் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வீலைக் கழற்றியதும் முழு டயருக்கும் வால்வுக்கும் ரிம் ஓரத்துக்கும் உங்கள் எதிரிலேயே சோப்புத் தண்ணீர் விடுவோம். குமிழி வருகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவோம். நீங்கள் எண்ணிப் பார்த்து, வேண்டுமானால் போனில் படம் எடுத்து, சரி என்று சொன்ன பிறகுதான் ஓட்டையைச் சுத்தம் செய்கிற ரீமர் உள்ளே போகும். பிடுங்கிய ஆணியையும் ஸ்க்ரூவையும் சின்ன கவரில் போட்டு உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். வெளியூரில் பஞ்சர் போட நேர்ந்தாலும் இதையே கேளுங்கள். வண்டியிலிருந்து இறங்கி டீக்கடைக்குப் போய்விடாதீர்கள், வீல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. "சின்ன பஞ்சர்தான், இவர் டயரையே மாத்தச் சொல்றார்" என்று ரெண்டு மூன்று பேர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். டயரில் ரோட்டைத் தொடுகிற நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை இருந்தால்தான் பஞ்சர் போடலாம். பக்கவாட்டில், அதாவது சைடுவாலில், கம்பி பெல்ட் கிடையாது. ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி நிமிரும். அங்கே வைத்த ஸ்டிரிப் எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று முழுக்க இறங்கிய பிறகும் "பக்கத்துலதானே கடை" என்று உருட்டிக்கொண்டு வந்தால் அதைவிட மோசம். அப்படி வந்த டயரை ரிம்மிலிருந்து பிரித்தால் உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் கொட்டும். சைடுவாலை உள்ளுக்குள்ளேயே அரைத்த தூள் அது. ஆணி ஓட்டை ஒன்றுதான் இருக்கும், ஆனால் டயர் செத்துப்போயிருக்கும். ஸ்டிரிப் வைத்து 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புவது எனக்குச் சுலபம். குடும்பத்தோடு சமயபுரம் போகிற வண்டிக்கு அதைச் செய்ய மாட்டேன். மாற்றச் சொல்வதால் எனக்கு லாபமும் இல்லை, புது டயர் வேறு கடையில்தான் வாங்குகிறீர்கள்.

காற்று குறைந்தது தெரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி ஸ்டெப்னி மாற்றுங்கள். அந்த ஸ்டெப்னியிலும் காற்று இருக்க வேண்டும். நம் கடைக்கு வருகிற பாதி ஸ்டெப்னிகள் வாங்கிய நாளுக்குப் பிறகு காற்றையே பார்க்காதவை. 2020-ல் விதி மாறிய பிறகு சில புது வண்டிகள் ஸ்டெப்னியே இல்லாமல், டயருக்குள் ஊற்றுகிற பசை டப்பாவோடு வருகின்றன. அந்தப் பசையை ஊற்றியிருந்தால் வந்ததுமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பிரிக்கும்போது எங்கள் முகத்தில்தான் தெறிக்கிறது.

வெயில் காலம் வந்தால் "காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, வெடிச்சிடும்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. காற்று குறைந்தால் டயர் அதிகமாக மடங்கும், மடங்கினால் சூடேறும், அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். எவ்வளவு காற்று என்று என்னைக் கேட்க வேண்டாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற அளவுதான். ஆளும் லக்கேஜும் நிறைந்திருந்தால் அதற்குத் தனி அளவு அதே ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது வந்து பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஓட்டி வந்த கையோடு பார்த்தால் மீட்டர் கூட்டித்தான் காட்டும். நைட்ரஜன் நம் கடையில் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதத்துக்கு ரெண்டு தரம் பார்த்துக்கொண்டால் அதுவே போதும் என்பது என் கருத்து.

அப்புறம் நம் தம்பி. வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் உங்கள் பெயரையும் வண்டி நம்பரையும் சேர்த்தே சொல்வாரே, அவர் துபாயில் ஒரு டயர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். எனக்கு வருத்தம் பாதி, சந்தோஷம் பாதி. இந்த வாசலில் ஜாக்கி தூக்கப் பழகிய பையன் இப்போது மெஷினில் அலைன்மென்ட் பார்க்கிறான் என்றால் அது நல்ல விஷயம்தானே? புதிதாக வந்திருக்கிற பையனுக்குக் கை இன்னும் வேகம் வரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நட்டு இறுக்கியதை நானே இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்குகிறேன். இரவு 9 மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து வீல் கழற்றுகிற வேலை இப்போதைக்கு இல்லை.

2020 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது "அடுத்த வருஷத்துப் பஞ்சருக்கெல்லாம் சேர்த்து அட்வான்ஸ்ணே" என்று சொல்லிப் பணம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. யார் யார் எவ்வளவு என்பதும் அதில் இருக்கிறது. கேட்டால் யாரும் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறீர்கள். இந்த வீடியோ வந்த வாரத்திலும், வேண்டுமென்றே நம் கடையில் வண்டியை நிறுத்திக் காற்று பார்த்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். பஞ்சரும் இல்லை, காற்றும் சரியாகத்தான் இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வீடியோ போட்ட சாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த ரெண்டு ஸ்க்ரூவையும் ஆணியையும் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். டீ என் செலவு.

கடையில் ரெண்டு ஸ்டெப்னிகள் பஞ்சர் போட்டு ரொம்ப நாளாக எடுக்காமல் கிடக்கின்றன. ஒன்று 185/65 ஆர்15, இன்னொன்று 165/80 ஆர்14. யாருடையது என்று தம்பிக்குத்தான் தெரியும், அவரும் ஊரில் இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்து, காலியாக இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சர் கடைக்காரர்,
வயலூர் ரோடு, திருச்சி.