அப்பாவின் ஸ்கேனைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு

வணக்கம். அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து ஆபரேஷன் முடியும் வரை எங்களோடு நின்றவர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், புற்றுநோய் எங்கெங்கே இருக்கலாம் என்று உடம்பைப் பார்க்கும் பெட் சிடி ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் தம்பிக்கு. ஊசியில் போவது குளுக்கோஸ் மாதிரி ஒரு மருந்து, புற்றுநோய் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் படத்தில் ஒளிரும் என்று அப்பாவுக்கே புரியும்படி சொன்னீர்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தவருக்குக் கம்பளி போர்த்திவிட்டீர்கள். குளிரெடுத்தால் கழுத்து, தோள்பட்டைக் கொழுப்பும் மருந்தை இழுத்துப் படத்தைக் குழப்புமாமே! அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடுமாம். விடியற்காலையில் அதை வண்டியில் கொண்டுவந்த டிரைவர் அண்ணனுக்கும் நன்றி.

படத்தில் கட்டியோடு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு நெறிக்கட்டியும் ஒளிர்ந்தது. அதைப் பார்த்ததுமே ஓரிடத்தில், "பரவிடுச்சு, மூணாவது ஸ்டேஜ், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

டாக்டர் அம்மா, நீங்கள்தான் "அப்பாவுக்கு எப்பவாவது டிபி வந்திருக்கா?" என்று கேட்டீர்கள். வந்திருந்தது, இளம் வயதில். காசநோய் வந்த நெறிக்கட்டியும் இப்படி ஒளிரலாம், படம் சந்தேகத்தைத்தான் காட்டும், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்காமல் பரவல் என்று எழுத மாட்டேன் என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைக் கடந்தோம். வாய் வழியாகக் குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே சதை எடுத்த ஈபஸ் குழுவுக்கும், அதில் புற்று செல் இல்லை, பழைய காசநோயின் தடம்தான் என்று கண்டுசொன்ன பேத்தாலஜி டாக்டருக்கும் என்ன கைம்மாறு செய்வோம்!

மூளை இயல்பாகவே குளுக்கோஸை நிறைய எடுக்கும், பெட் ஸ்கேனில் அங்கே இருக்கும் சின்னக் கட்டி மறைந்துவிடலாம் என்று தனியாக எம்ஆர்ஐயும் எடுக்க வைத்தீர்கள். அதுவும் சுத்தம். அப்புறம்தான் ஆபரேஷன். நுரையீரலில் கட்டி இருந்த பகுதியோடு (மடல் என்பார்கள்) எடுத்த நெறிக்கட்டிகளிலும் புற்று இல்லை.

ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், பணம் புரட்டித் தந்த சித்தப்பாவுக்கும் நன்றி. இதே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களே, ஒளிர்ந்த இடத்தில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு வருகிறோம். டெக்னீஷியன் தம்பியை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
அவர் மகள்