வானியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் 1977இல் நாசா ஏவிய வாயேஜர் 1, 2 விண்கலங்களையே தொடர் பாடமாக எடுத்துக்கொண்டோம். நூலகமும் தொலைநோக்கிப் பராமரிப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிக நேரம் பேசப்பட்டது வாயேஜர் 1இன் நினைவகப் பழுது. கலத்திலிருந்து ரேடியோ அலை வந்துகொண்டிருந்தது. ஆனால் 2023 நவம்பரிலிருந்து அதில் பயன்படும் தரவு இல்லை. தரவைத் தொகுக்கும் கணினியின் நினைவகம் முழுவதையும் வரவழைத்து, பழுதுக்கு முந்தைய பிரதியோடு ஒப்பிட்டதில், சுமார் 3 விழுக்காடு கெட்டிருந்தது தெரிந்தது. ஒரு நினைவகச் சில்லு (சிப்) செயலிழந்ததே காரணம். அங்கிருந்த நிரலை மொத்தமாக வைக்க வேறெங்கும் இடமில்லை. எனவே துண்டு துண்டாகப் பிரித்து, காலியாக இருந்த இடங்களில் வைத்தார்கள். இடம் மாறிய துண்டுகளைத் தேடிப் போகும் கட்டளைகள் நிரலெங்கும் இருக்கும். அத்தனை முகவரிகளையும் திருத்தினால்தான் நிரல் ஓடும். கட்டளை கலத்தைச் சென்றடைய, ஒரு வழிக்கு இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரல் 18இல் முதல் துண்டு போனது. 20ஆம் தேதி கலத்தின் நிலவரம் வந்தது. ஜூனில் நான்கு கருவிகளின் தரவும் சீராகின.

அடுத்தது வாயேஜர் 1இன் த்ரஸ்டர், அதாவது கலத்தின் திசையைத் திருத்தும் சிறு உந்துபொறி. கலம் உருளாமல் வழிகாட்டி விண்மீனைப் பிடித்திருக்க உதவும் முதன்மை த்ரஸ்டர்கள், ஹீட்டர்களுக்கு மின்சாரம் போகாததால் 2004இல் கைவிடப்பட்டவை. மாற்று த்ரஸ்டர்களின் எரிபொருள் குழாய்களிலோ படிவு அடைத்துவருகிறது. சுற்றில் ஏதோ ஒரு சுவிட்ச் தவறான நிலைக்கு மாறியிருக்கலாம் என்று பொறியாளர்கள் ஊகித்தார்கள். அதைத் திருப்பும் முன் த்ரஸ்டரை இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹீட்டர் சூடேறாத நிலையில், வழிகாட்டி விண்மீன் பார்வையிலிருந்து நழுவி, த்ரஸ்டர் தானாக இயங்கினால் சிறு வெடிப்பு நேரலாம். ஆகவே கலத்தின் திசையை மிகத் துல்லியமாக வைத்துவிட்டே கட்டளை அனுப்பினார்கள். 2025 மார்ச் 20இல் ஹீட்டரின் வெப்பம் ஏறியது. இவ்வாண்டு நாம் படித்ததில் மிகச் சிறந்த வேலை இதுவே என்பது என் கருத்து.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது: இக்கலங்களுக்குக் கட்டளை அனுப்பும் வலுவுள்ள கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனா 2025 மே முதல் 2026 பிப்ரவரி வரை மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்படுவதாக இருந்தது, இடையில் சில நாட்களே இயங்கும் என்றிருந்தது.

மின்சாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் குறைகிறது. அதனால் வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர்க் கருவி 2025 பிப்ரவரி 25இலும், வாயேஜர் 2இன் தாழ் ஆற்றல் மின்துகள் கருவி மார்ச் 24இலும் அணைக்கப்பட்டன. பத்துப் பத்துக் கருவிகளுடன் கிளம்பிய கலங்களில், 2025 மார்ச் இறுதியில் கலத்துக்கு மூன்று கருவிகளே இயங்கின.

வரும் ஆண்டில் புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பற்றிய கூட்டங்களும், 2026 நவம்பரில் வாயேஜர் 1 ஒளி-நாள் தொலைவை (ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரத்தை) எட்டுவதை ஒட்டிய பொதுநிகழ்ச்சிக்கான ஏற்பாடுகளும் நடைபெறும். உரையாற்ற விரும்புவோர் செயற்குழுவிடம் பெயர் தரவும்.

செயலாளர்