பேத்தியின் தாய்வழி

மொன்றியல்

அன்புள்ள மகேசன்,

உமது கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். சிவத்தாரின் காணி விவகாரத்தைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன். இப்போது எழுதுவது வேறொரு காரியம், அதற்கு உமது உதவியும் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தோடு கடிதத்தை மடித்து வைக்கும் உமது வழக்கத்தைத் தயவுசெய்து இம்முறை கைவிடும்.

பேத்தி பிறந்ததிலிருந்து மருமகளும் நானும் குழந்தையின் தாய்வழியை, தாய், அவளுடைய தாய், அவளுக்குத் தாய் என்று பெண்கள் வழியாகவே பின்னோக்கித் தேடி வந்தோம். பதினோராவது தலைமுறையில், 1669இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம், மகேசன்! ஆண்கள் மிகுந்து பெண்கள் அரிதாயிருந்த, அக்காலத்தில் கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு 1663 முதல் 1673 வரை பதினாலாம் லூயி மன்னரின் செலவில் ஏறத்தாழ 770 பெண்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களை இங்கே 'மன்னரின் மகள்கள்' என்பார்கள். அவர்களுள் பலர் தகப்பனை இழந்தவர்கள். சிலருடைய திருமண ஒப்பந்தங்களில் மன்னர் கொடுத்த 50 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) சீதனமும் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு தூரம் போக முடிந்ததற்குக் காரணம் பங்குகள் எனப்படும் கத்தோலிக்கக் கோயில் வட்டாரங்களின் பதிவேடுகள். திருமணப் பதிவில் இரு வீட்டுப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும். தாய்மாரும் தாம் பிறந்த வீட்டுப் பெயரோடேயே எழுதப்பட்டிருப்பார்கள். கியூபெக் நகரத் தேவாலயம் 1640இல் எரிந்தபோது அதுவரையிலான பதிவுகளை நினைவிலிருந்தே திரும்ப எழுதினார்கள். பின்னாளில் ஒரு பிரதி பங்கிலும் மற்றொன்று நீதிமன்றத்திலும் இருக்க வேண்டுமென்ற விதி வந்தது. ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சியது.

ஆனாலும் பெயர்கள் எங்களை நன்றாகவே அலைக்கழித்தன. மிவில் என்ற குடும்பத்துக்குத் தெஷேன் என்ற பட்டப்பெயரும் இருந்தால், ஒரு மகன் முதலாவதையும் மற்றவன் இரண்டாவதையும் கொண்டு போய்விடுவான். மருமகளின் பூட்டியோ மாசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் பிறந்தவர். 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள், பலர் அங்குள்ள பருத்தி ஆலைகளுக்கு. பிரெஞ்சில் 'பச்சை மரம்' என்று பொருள்படும் புவாவேர் என்ற அவருடைய குடும்பப் பெயர் அங்கே ஆங்கிலத்தில் கிரீன்வுட் ஆகிவிட்டது. அங்கிருந்த பிரெஞ்சுப் பங்கில் நடந்த திருமணத்தின் பதிவு அகப்பட்டிராவிட்டால் நாங்கள் அந்த இடத்திலேயே நின்றிருப்போம். பாதிரியார் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதி பேருழைப்பு. ஆனால் அதில் பிழைகள் உண்டு. மூலப் பதிவைப் பார்க்காமல் ஒரு பெயரையும் ஏற்கலாகாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நமது கந்தையா வாத்தியார் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

ஒன்று மட்டும் என்னை உறங்க விடவில்லை. வரலாற்றறிஞர் மார்செல் த்ருதேல் இந்நாட்டில் அடிமைகளாயிருந்த ஏறத்தாழ 4,200 பேரை ஆவணங்களிலிருந்து தேடியெடுத்தார். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் இம்மண்ணின் பழங்குடிகள். அவர்களுடைய ஞானஸ்நானமும் அடக்கமும் இதே பதிவேடுகளில் இருக்கின்றன; பெரும்பாலும் எசமானின் பெயர் இருக்கும், பெற்றோர் பெயர் இராது. என் பேத்திக்குப் பதினொரு தாய்மாரைக் காட்டிய அதே குருமார் அந்தப் பிள்ளைகளின் தாய் யாரென்று கேட்டு எழுதவில்லை. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன.

இனி உமது வேலை. குழந்தையின் தாய்வழி அட்டவணை சுவர் நிறைய இருக்கிறது. என் மகன் பக்கத்திலோ என் அப்பாச்சியின் பெயரோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அவருடைய தாயின் பெயரை அறிந்தவர்களில் இப்போது உயிரோடிருப்பது உமது அம்மா ஒருவர்தான். ஆறுதலாகப் பக்கத்தில் இருந்து கேளும். பெயரும், அவர் பிறந்த ஊரும், உடன்பிறந்த பெண்களின் பெயர்களும் வேண்டும். அவர் சொல்லுகிறபடியே எழுதி, இன்ன நாளில் இன்னார் சொன்னது என்று குறித்து அனுப்பும்.

உமது வீட்டாருக்கு என் அன்பு.

என்றும் உமது,
சண்முகம்