வெடிப்பது வீடில்லை, பாப்பா

பாப்பா,

நாளை அப்பாவின் முதல் திதி. மாதக் கடைசியில் லயத்து வீட்டுச் சாவியைத் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத் தாப்பா நகருக்குக் குடிபெயர்கிறோம். உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பாய், ஒழுகும் கூரைக்கடியில் கிடப்பது நாங்கள்தானே. மற்றதை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுத மாட்டேன்.

போன ஜனவரியில், கூரைக்குள் யாரோ சுடுகிறார்கள் என்று நடுநிசியில் கனடாவின் வின்னிப்பெக்கிலிருந்து அழைத்தாய். எனக்கு அது பிற்பகல், கொழுந்து நிறுக்கும் நேரம். நிதானமாகப் பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

மலேசியாவின் கேமரன் மலையில், நம் ரிங்லெட்டில் அந்த டிசம்பர் இரவு. பகலெல்லாம் வெயில், இருட்டியதும் குளிர். தலைக்கு மேல் டக், டக், பிறகு படீரென்று ஒரு சத்தம். நீ அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அவர் உன்னைத் தோளில் ஏற்றி முக்காலிமேல் நின்று, தகரத்தில் ஆணி இறங்கிய இடத்தில் உன் விரலை வைத்தார். அடுத்த சத்தம் உன் விரலுக்கடியிலேயே வந்தது. சிரித்துவிட்டாய். எனக்கும் தொட்டுப் பார்க்க ஆசைதான். என்னை யாரும் தூக்கவில்லை.

ஆறு மீட்டர் தகரம் 30 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறுகும். ஆணி விடாது. இழுபட்டுக்கொண்டே இருந்து பிடி நழுவும் நொடியில்தான் அந்தச் சத்தம். மைனஸ் 30இல் உன் கூரையின் மரச்சட்டங்களும் ஆணிகளும் அப்படித்தான் முறுக்கிக்கொண்டு விடுபடுகின்றன. தரைக்கடியிலிருந்து குண்டு வெடித்ததுபோல் கேட்டால், மண்ணிலுள்ள ஈரம் சட்டென உறைந்து விரிந்து நிலம் பிளந்திருக்கலாம். சூடான காற்று வரும் தகரக் குழாய்கள் டங்கென்றாலும் பயமில்லை. தண்ணீர்க் குழாயைத்தான் கவனி. தண்ணீர் நூலாக வந்தால் எங்கோ உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உறையும் நீர் 9 விழுக்காடு பெருத்துக் குழாயைப் பிளந்துவிடும். கடுங்குளிர் இரவுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியிலுள்ள அலமாரியைத் திறந்து வை, குழாயைச் சொட்ட விடு.

கூரைச் சத்தத்துக்கு அழைத்தவள் அப்பாவின் இருமலுக்கு ஏன் அழைக்கவில்லை? பணம் அனுப்பினாய், மறுக்கவில்லை. அவர் கேட்டது உன் குரலை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக அந்தக் குளிரில் இருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எந்நேரமானாலும் அழை.

நாளை மாலை ஏழு மணிக்குப் படையல். உனக்கு விடியற்காலை ஐந்து. வீடியோவில் வந்துவிடு, வேலை என்று சொல்லாதே.

அண்ணன்