மீன்பிடித் தடைக்காலத்தில் போன் முகாம் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைக்குத் தனி போன், மாலையில் வீட்டில் அப்பா அம்மா இருவரும். இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துத்தான் பிள்ளைகளின் போன் பழக்கம் பற்றிய அறிவுரைகள் எழுதப்படுகின்றன. எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டி வீடுகள் அப்படி இல்லை. அப்பா கடலில் இருப்பார், இல்லையென்றால் வளைகுடாவில். வீட்டுக்கு ஒரே போன். வங்கி மெசேஜ், மகளிர் குழுக் கணக்கு, மீன் வியாபாரி போடும் பணம், பள்ளி வாட்ஸ்அப் குழு எல்லாம் அதிலேயே. அதை வீட்டிலேயே நன்றாக இயக்கத் தெரிந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளைதான். இங்கே எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற பேச்சு பிறகு. போன் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க மீன்பிடித் தடைக்காலத்தில் முகாம் நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். அங்கே கற்றுக்கொடுக்க வேண்டியவை இவை.

கைரேகைப் பட்டியலில் தொடங்கலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ‘கைரேகை’ என்று தட்டினால் (போன் ஆங்கிலத்தில் இருந்தால் ‘ஃபிங்கர்பிரிண்ட்’) விரல் 1, விரல் 2, விரல் 3 என்று வரிசையாக வரும். அம்மா பதிந்தது ஒரு விரல், பட்டியலில் இருப்பது மூன்று என்றால் மீதி யாருடையது என்று கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பூட்டுக்கான பின் எண்ணை மாற்றி, பிறகு புதிதாகப் பதிய வேண்டும். பின் எண்ணை மாற்றாமல் ரேகையை மட்டும் அழித்தால் அன்று சாயங்காலமே மறுபடி பதிந்துவிடுவார்கள். புது விரல் சேர்க்கப் போன் கேட்பது அந்தப் பின் எண்ணைத்தானே. பிறந்த ஆண்டு, படகு எண் இரண்டும் வேண்டாம். பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அவற்றைத்தான்.

அடுத்தது பணம். ‘நீயே அழுத்துடா’ என்று கடையில் பிள்ளையிடம் போனை நீட்டும் வழக்கம் நிற்க வேண்டும். யுபிஐ பின் நான்கோ ஆறோ இலக்கம்தான், ஒரு வாரத்தில் யாருக்கும் கை பழகிவிடும். யுபிஐ லைட் போட்டிருந்தால் சிறு தொகைகளுக்குப் பின் எண்ணே கேட்காது. விளையாட்டில் டாப்-அப் செய்யும் பிள்ளைக்கு அது திறந்த கதவு. லைட்டை நிறுத்திவிட்டால் அதில் மீதமுள்ள பணம் வங்கிக் கணக்குக்கே திரும்பிவிடும். பணம் அனுப்பும் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, தெரியாத பெயரில் மாதாமாதம் பணம் பிடிக்க அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள். ப்ளே ஸ்டோரிலும், எது வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதையும் மீறி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேராக நிறுவும் செயலி) வந்தால் நுழையாதிருக்க, ‘தெரியாத செயலிகளை நிறுவுதல்’ அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்து வையுங்கள்.

அப்பாவின் பழைய போன் பரணில் கிடந்தால் அதைப் பிள்ளைக்கு ஒதுக்குவது நல்ல வழி. சிம் போட வேண்டாம். முதலில் அதிலுள்ள கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் செய்தால் சில போன்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பிறகு பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியில் கணக்குத் திறந்து, கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர் கணக்கோடு இணைக்கலாம். எந்தச் செயலி, தினம் எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்டு என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அம்மாவின் கணக்கு உள்ள போனில் இதனால் பயனில்லை, அங்கே பிள்ளை உலவுவது அம்மாவின் பெயரில். அதேபோல போனிலேயே உள்ள ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியில் வைக்கும் நேர வரம்பை நம்பி இருக்காதீர்கள். போனைத் திறக்கத் தெரிந்தவருக்கு அதை நீக்கவும் தெரியும்.

இந்தப் பழைய போனுக்கு இணையம் அம்மாவின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து மட்டும் வரட்டும். இரவு எட்டரைக்கு அதை அணைத்தால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட் கடவுச்சொல் தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும் என்பதால், நாலு வீடு பேசி ஒரே நேரத்தில் அணைத்தால்தான் இது செல்லும்.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாவையும் ஃபேமிலி லிங்கில் சேர்க்கலாம், அங்கிருந்தே செயலிக்கு அனுமதி தரலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. உம்மா மறுத்ததைப் பிள்ளை தனியாக வாப்பாவிடம் கேட்கும். தூரத்தில் இருப்பவருக்கு மறுக்க மனம் வராது. அனுமதி தருவது ஒருவர்தான் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அழைப்பு நேரமும் இப்படித்தான். துபாயில் இரவு 9 மணி என்றால் இங்கே 10.30, சவூதியில் 9 என்றால் இங்கே 11.30. அழைப்பை எதிர்பார்த்து போன் படுக்கைக்கு வருகிறது, பேசி முடித்த பின் பிள்ளையின் போர்வைக்குள் போகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். துபாய் நேரம் 7 மணிக்கு, அதாவது நமக்கு 8.30-க்கு அழைக்கச் சொல்லுங்கள். சார்ஜர் அடுப்படியில் இருக்கட்டும்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லும் அளவு இது: இரண்டு வயதுவரை திரையே கூடாது, ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுடன் வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப்பாடத்தை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ‘ஸ்கூல் வேலை’ என்ற பெயரில் போன் மறுபடி பிள்ளை கைக்குப் போய்விடும். வகுப்பிலேயே டைரியில் எழுதவைத்து அனுப்பலாமே.

முகம் தெரியாதவர் படத்தைக் காட்டி மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அழித்தால் சாட்சியும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் போயிருந்தால் 1930-இல் உடனே சொல்ல வேண்டும். அது கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

இவற்றைக் கற்றுக்கொடுக்க எங்கள் கடற்கரைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டு இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை வந்துவிடும். மீன்வளத் துறையும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் வலை பின்னும் கூடங்களிலேயே முகாம் நடத்தலாம். மேடைப் பேச்சு வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர் ஒருவருக்குப் பத்து போன், ஒன்றரை மணி நேரம் போதும். சார்ஜ் ஏற்றிய போன், ஏடிஎம் அட்டை, இருந்தால் பழைய போன் ஆகியவற்றை எடுத்து வரச் சொல்ல வேண்டும். யுபிஐ பின் மறந்துபோனால் மாற்ற ஏடிஎம் அட்டை உதவும். கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் அவர்கள் போகும் நாட்களைக் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும். காலையில் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்