ஆச்சியையும் உள்ளே அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்துக்குப் பின் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள், தாயும் பிள்ளைகளும் மட்டுமே உள்ள வீட்டை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் தீர்ப்பு வருவதற்கு முன்பே மகள் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்துவிடுவதுதான் அதிகம். அங்கே ஆச்சியும் தாத்தாவும் தாய்மாமனும் இருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், அப்படியொரு வீட்டின் ஆச்சி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குடும்பச் சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சின், 1974இல் வெளியான தம் நூலில், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே தெளிவான எல்லை வேண்டும் என்றார். மூத்த பிள்ளை தாயின் பொறுப்பில் பங்கெடுப்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு எது, எதுவரை என்பதைத் தாய் வரையறுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. என் பேத்திக்கு அப்போது 12 வயது. தம்பிக்கு டிபன் கட்டியது நல்லதுதான். வக்கீல் நோட்டீஸைப் பிரித்துப் படித்ததும், இரவில் அழுத அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்ததும் அவள்தான். அவள் பொறுப்பை நான் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. எட்டு மணிக்கு மேல் டிவி கூடாது என்று மகள் அணைத்தால், "தகப்பன் இல்லாத பிள்ளை, பாத்துட்டுப் போறான்" என்று நான் ரிமோட்டைப் பேரன் கையில் கொடுப்பேன். அந்த ஒரு சொல் தாயின் அதிகாரத்தைப் பறித்தது. உயிரோடு இருக்கும் தகப்பனையும் இல்லாமல் ஆக்கியது. பின்னர் மகளின் வற்புறுத்தலால் நாங்கள் எல்லோரும் சென்று பார்த்த ஆலோசகர், "இந்த வீட்டில் முடிவு சொல்வது யார்?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். இருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

இருவருக்கிடையே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாமவர் உள்ளே இழுக்கப்படுவதைக் குடும்பச் சிகிச்சையின் இன்னொரு முன்னோடியான முர்ரே போவன் முக்கோணம் என்றார். எங்கள் முக்கோணத்தில் மாட்டியவன் 8 வயதுப் பேரன். பள்ளிக்கூட ஃபீஸைக் கேட்கும் தூதுவனும் அவன், தகப்பன் வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டிய சாட்சியும் அவன். ஞாயிற்றுக்கிழமை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் "அங்க யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல ஆச்சி" என்பான். கேட்டதற்கு அது பதிலே அல்ல என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு பெற்றோரிடம் அன்பு காட்டினால் மற்றவருக்குத் துரோகம் செய்வதாகப் பிள்ளை உணரும் நிலையைப் பிளவுபட்ட விசுவாசம் என்று விளக்கியவர் அதே துறையின் இவான் பாசோர்மெனி-நாஜ். நம் ஊரில் இது பங்குனி உத்திரத்தன்று கண்ணுக்குத் தெரியும். வெளியூரில் இருப்பவர்கள்கூடத் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலைத் தேடி வரும் நாள் அது. பிள்ளைக்குச் சாஸ்தாவோ தகப்பன் வழியில். இரண்டு ஆண்டுகள் பரீட்சையைக் காரணம் காட்டி நான் பேரனை அனுப்பவில்லை. மூன்றாம் ஆண்டு மகள் என்னைக் கேட்காமலே அனுப்பினாள். நெற்றியில் திருநீறும் கையில் வாழையிலைப் பொட்டலமுமாகத் திரும்பியவன், பிரசாதத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று தெரியாமல் நடையிலேயே நின்றான். மகள் போய்க் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அன்றிரவு யாரும் கேட்காமலே கோயிலில் நடந்ததையெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 9ஆம் பிரிவில் இரு தரப்பையும் சமரச உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. 12ஆம் பிரிவில் குடும்ப நல வல்லுநர்களின் உதவியைப் பெறவும் வழி தருகிறது. சேர்த்துவைக்க முடியாத குடும்பங்களுக்கும் இந்த இரண்டாவது வழியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் யாருடைய வீட்டில் வளரப் போகிறார்களோ அந்த ஆச்சியையும் தாத்தாவையும் மாமனையும் ஒரு நாளாவது அழைத்துப் பேச வேண்டும். என் மகளின் வழக்கு நடந்தபோது ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கூடவே போனேன். கவுன்சிலிங் அறைக்கு வெளியே பெஞ்சில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.