கயலுக்கு, கிளட்ச் விஷயமா

கயல் கண்ணு,

நல்லா இருக்கியா மா. இங்க நாங்க சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல. போன்ல பேசினா நீ "சரிப்பா, சரிப்பா"ன்னு ரெண்டு நிமிஷத்துல வெச்சிடற, அதான் உக்காந்து எழுதறேன். பெருசா ஒண்ணும் இல்ல, கார் விஷயம்தான்.

தீபாவளிக்கு நீ வாடகை கார்ல வந்த. உன் ஹோண்டா அக்கார்டு மெக்கானிக் கிட்ட இருக்கு, கிளட்ச் பாக்கறாங்கன்னு சொன்ன, நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். மறுநாள் ஃபோர்டு ரோட்ல பால் வாங்கப் போனோமே, நீதான் ஓட்டின. ரெட் விழுந்ததும் உன் இடது கால் தரையைப் போய் அழுத்துச்சு, வாடகை காரு ஆட்டோமேட்டிக், அங்க கிளட்ச் பெடலே இல்ல. அடுத்த சிக்னல்லயும் அதே. நீ கவனிக்கல, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன். ஏழு வருஷம் அந்தக் கால் அதையேதான செஞ்சிருக்கு.

ஒரு கிளட்ச் மாத்த எவ்ளோ நாள் ஆகும்னு எனக்குத் தெரியும் மா. ரெண்டு நாள். பார்ட்ஸ் வரலைன்னா ஒரு வாரம்.

ராத்திரி தூக்கம் வரலைன்னா நான் பழைய கார் விளம்பரமா பாத்துக்கிட்டு இருப்பேன்னு உனக்குத் தெரியும், அம்மா திட்டுவா. 300 மைலுக்குள்ள, கையால கியர் மாத்தற மேனுவல் மட்டும்னு போட்டுப் பாப்பேன். ஒரு காலத்துல பக்கம் பக்கமா வரும், இப்ப ஜீப் ரேங்ளர், மியாட்டா, மஸ்டாங் இதையெல்லாம் கழிச்சுட்டா குடும்பத்தோட போற மாதிரி வண்டி கைவிட்டு எண்ணிடலாம். போன வாரம் ஒண்ணு வந்துச்சு. 2018 அக்கார்டு ஸ்போர்ட், 6 கியர், கிரே கலர், ஒஹையோல ஒரு டீலர் கிட்ட. இடது பக்கம் பின்கதவுல நம்ம கராஜ் தூண் உரசின கோடு இருக்கு. டேஷ்போர்டு போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன், பிள்ளையார் இருந்த இடத்துல ரவுண்டா பசை மட்டும் இருக்கு. பிள்ளையாரை எடுத்து வெச்சுக்கிட்ட, அது வரைக்கும் சந்தோஷம்.

உன் காசுல வாங்கின கார், உன் இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் காருக்காக நீ எவ்ளோ அலைஞ்சன்னு எனக்குத்தான் தெரியும். பிட்ஸ்பர்க்ல எந்த டீலர் கிட்டயும் இல்லன்னாங்க, ஆட்டோமேட்டிக் எடுத்துக்கோங்க மேடம், இன்னிக்கே சாவி தரோம்னாங்க, மேனுவல்தான் வேணும்னு நீ ஆறு வாரம் காத்திருந்து வெளி ஸ்டேட்லேருந்து வரவழைச்ச. சித்தப்பா கிட்ட நான் பெருமையா சொன்னேன், என் பொண்ணு பிடிச்ச பிடியை விடமாட்டான்னு. சாவி வாங்கின அன்னிக்கே அந்த கேன்டன் அவென்யூ மேட்டுல ஏத்திக் காட்டின பாரு. 37% ஏத்தம், கல்லு பாவின ரோடு, நம்ம ஊரும் கேன்டன்தான் ஆனா இங்க ஒரு மேடு கிடையாது. நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ ஒரு இஞ்ச் பின்னால போகவிடாம எடுத்த.

இனிமே அந்தக் கார் திரும்பக் கிடைக்காது கயல், அதுதான் என் கவலை. ஹோண்டா 2020 மாடலோட அக்கார்டுல மேனுவலை நிறுத்திட்டான். சாதாரண சிவிக்லயும் 2025 மாடலோட சுத்தமா போச்சு, வேகத்துக்குன்னு பண்ற எஸ்ஐயும் டைப் ஆரும் மட்டும் நிக்குது. கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்லயே 2020லேருந்து கிடையாது. ஃபோக்ஸ்வேகன் ஜிடிஐல 2025 மாடல்ல போயிடுச்சு. நிசான் வெர்சா, அமெரிக்காலயே விலை கம்மியான புது காரா இருந்துச்சு, அதுல 5 கியர் மேனுவல் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதையும் 2025ல எடுத்துட்டான். முன்னெல்லாம் காசு இல்லாதவங்க வாங்கறது மேனுவல், இப்ப ஆசைப்பட்டு காசு குடுக்கறவங்களுக்குத்தான் மேனுவல். 1980ல இங்க விக்க வந்த புது கார்ல 100க்கு 35 கிட்ட மேனுவல், இப்ப ஒண்ணு தேறினா பெருசு.

நான் யாரைக் குறை சொல்றது, இருபது வருஷத்துக்கு மேல நமக்குச் சோறு போட்டதே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். நான் வேலைக்குச் சேந்தப்ப 4 கியர்தான் சாதாரணம், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேக்கற டார்க் கன்வர்ட்டர் வழுக்கும், பெட்ரோல் வீணாகும், மைலேஜ் வேணும்னா மேனுவல் வாங்குன்னு நாங்களே சொல்லுவோம். அப்புறம் 6 ஆச்சு, 8 ஆச்சு, ஃபோர்டும் ஜிஎம்மும் சேந்து 10 கியர் பண்ணாங்க. எஞ்சின் எந்த வேகத்துல சுத்தினா கம்மியா குடிக்கும்னு கம்ப்யூட்டரே பாத்து மாத்திடுது, மனுஷன் கையால அவ்ளோ கணக்கா மாத்த முடியாது. மைலேஜும் போச்சுன்னா மேனுவல் வாங்க என்ன காரணம் சொல்றது. எலக்ட்ரிக் கார்ல கியரே தேவையில்ல. இதெல்லாம் ஆரம்பிச்சதும் நம்ம டெட்ராய்ட் பக்கம்தான், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல ஹைட்ராமேட்டிக்னு போட்டாங்க, சண்டைல டாங்கிக்குள்ளகூட அதையே வெச்சாங்க, அதுக்கப்புறம் வீடு வீடா வந்துடுச்சு. இங்க லைசென்ஸ் டெஸ்ட்லயும் எந்தக் கார்னு யாரும் கேக்கறதில்ல, லண்டன்ல ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் குடுத்தா ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். இங்க அந்தக் கட்டாயம் இல்ல, அதனால யாரும் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரல, சொல்லித் தராததால யாரும் வாங்கல. ஆபீஸ்ல என் கையால கணக்கு பாத்து செட் பண்ணினது ஆட்டோமேட்டிக், வீட்டுல ஓட்டினது அந்த பச்சை சிவிக். அதை உனக்குக் குடுக்கணும்னு ஒரு ஆசை எனக்கு.

நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? ஆபீஸ்லாம் நல்லா போகுதுல்ல? அன்னிக்கு செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு அம்மா தெரியாம கை பட்டு உனக்கு போன் பண்ணிட்டா, நீ முதல் ரிங்லயே எடுத்துட்டன்னு சொன்னா. எப்பவும் மீட்டிங் மீட்டிங்னு சாயங்காலம்தான கூப்பிடுவ. சும்மா கேட்டேன். தாராளமா சாப்பிடு, முட்டையாவது வேக வெச்சுக்கோ. குளிருக்கு முன்னாடி ஹீட்டர் பாத்துக்கோ. கிரெடிட் கார்டுல ரொம்ப ஏத்திக்காத. அக்கார்டை அவசரப்பட்டு வித்திருந்தா அடிமாட்டு விலைக்குத்தான் எடுத்திருப்பாங்க, மேனுவலை ஓட்டத் தெரிஞ்சவங்களே கம்மின்னு சொல்லி விலையைக் குறைப்பாங்க, தேடி வரவன் கிட்ட அதையே கூட வெச்சு விப்பாங்க. ஒரு போன் போட்டிருந்தா அப்பா வந்திருப்பேன். அஞ்சு மணி நேரம்தான். சரி விடு.

இதை எப்படி எழுதறதுன்னு நாலு நாளா யோசிக்கறேன்.

2009ல நீ டிரைவிங் கிளாஸ்ல முதல் பாகம், செக்மென்ட் 1 முடிச்சிருந்த. ஸ்கூல் விட்டு வந்ததும் மூணரை மணிக்கு நான் சிவிக்கோட நிப்பேன், அந்த மூடிப்போன ஃபர்னிச்சர் கடை பார்க்கிங் லாட்டுக்குப் போவோம். அப்பா எனக்காக ஆபீஸ்லேருந்து சீக்கிரம் வந்தார்னு நீ இன்னிக்கும் சொல்ற, உன் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட சொல்ற, போன வருஷம் மாமா வீட்டுல எல்லார் முன்னாடியும் சொன்ன. நான் பேசாம இருந்தேன். கயல், எனக்கு அப்ப ஆபீஸ் இல்ல. ஏப்ரல்லயே அனுப்பிட்டாங்க. கிரைஸ்லர் திவாலாச்சு, ஜிஎம் திவாலாச்சு, எங்களை மாதிரி சப்ளையர் கம்பெனியெல்லாம் அதுக்கு முன்னாடியே ஆள் குறைக்க ஆரம்பிச்சாச்சு. ஒரு அட்டைப்பெட்டியைக் குடுத்து பேட்ஜை வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பெட்டியை சிவிக் டிக்கில வெச்சு மேல ஸ்பேர் டயர் கவரைப் போட்டு மூடினேன். தினமும் காலைல ஏழரைக்குச் சட்டை இன் பண்ணிக்கிட்டு கிளம்பிப் போய் லைப்ரரில உக்காந்திருப்பேன், லைப்ரரி திறக்கற வரைக்கும் பார்க்கிங் லாட்ல. வேலையை விட்டு அனுப்பறப்ப குடுக்கற செவரன்ஸ் காசு வந்த வரைக்கும் யாருக்கும் தெரியல. நாலு மாசம். மூணரை மணிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறதுதான் அந்த நாள்ல நான் செஞ்ச ஒரே வேலை.

அந்த ஜூன் மாசத்து நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு தடவை வண்டியை ஆஃப் பண்ணிட்ட, கிளட்ச்சைப் படக்குன்னு விட்டுடுவ, வண்டி உதறிக்கிட்டு நிக்கும். ஏழாவது தடவை நான் கத்தினேன். இதுகூட வரலைன்னா நீ எதுக்குத்தான் லாயக்குன்னு கேட்டேன். நீ கதவைத் திறந்து இறங்கி அந்த வெயில்ல நடந்தே வீட்டுக்குப் போயிட்ட. நான் பின்னாடியே மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தேன், நீ ஏறல. அன்னிக்குக் காலைலதான் ஒரு இன்டர்வியூ, இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் என்னைக் கேட்டுக்கிட்ட கேள்வியை உன்னைப் பாத்துக் கேட்டுட்டேன் மா. பதினாறு வயசுப் பொண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல, கிளட்ச் ஹாஃப்ல பிடிக்கறது எல்லாருக்கும் லேட்டாதான் வரும். பதினாறு வருஷமா நான் மன்னிப்புக் கேக்கல. கேட்டா ஏன்னு சொல்லணுமே. அதனால, ஏழு தடவை ஆஃப் பண்ணிட்டு எப்படி கத்துக்கிட்டா பாருன்னு எல்லார் கிட்டயும் கதையா சொல்லி சிரிக்க வெச்சேன். அப்ப நீ சிரிக்க மாட்ட, அதையும் பாத்திருக்கேன்.

அம்மா கிட்ட ஆகஸ்ட்ல சொன்னேன். அவளுக்கு மே மாசமே தெரியுமாம், பேங்க் பேப்பர் பாத்திருக்கா. தெரிஞ்சுக்கிட்டே தினமும் காலைல எழுந்து எனக்கு தயிர் சாதம் கட்டிக் குடுத்திருக்கா, ஊறுகாயைத் தனியா சின்ன டப்பில வெச்சு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்னு சொன்னா.

நானும் அப்படி இருந்துடலாம்னுதான் பாத்தேன் கண்ணு. என்னால முடியல, அவ்ளோ பொறுமை எனக்கு இல்ல. நான் எதுவும் கேக்கல. நீ எதுவும் சொல்லணும்னும் இல்ல. என்ன ஆயிருந்தாலும் நீ காலைல எழுந்து எங்கயும் போய் உக்காந்திருக்காத, அது மட்டும் வேண்டாம்.

சிவிக் ஓடற கண்டிஷன்ல இருக்கு. அடியில துரு நிறைய, வேலை பாத்திருக்கேன், கிளட்ச் பிளேட் போன வாரம் மாத்தியாச்சு, பேட்டரி புதுசு. இன்சூரன்ஸ்ல உன் பேரையும் சேத்துட்டேன், கோவிச்சுக்காத. டெட்ராய்ட்டுக்கு பஸ் ஏறி வா, நான் வந்து கூட்டிக்கறேன், போகும்போது அதை எடுத்துக்கிட்டுப் போ. பனி விழறதுக்குள்ள வந்தா நல்லது. வேற கார் வாங்கற வரைக்கும் வெச்சுக்கோ, வாங்கலைன்னாலும் வெச்சுக்கோ. கேன்டன் அவென்யூல மட்டும் ஏத்தாத, ஹேண்ட் பிரேக் முன்ன மாதிரி பிடிக்காது. ரெண்டாவது கியர் குளிர்ல உறுமும், கியரை உரசாம சேத்துவிடற சின்க்ரோ தேஞ்சுடுச்சு, முதல் பத்து நிமிஷம் அழுத்தாம மெதுவா போடு, சூடானா சரியாயிடும்.

அம்மா முறுக்கு சுட்டு வெச்சிருக்கா.

அப்பா